ராஜ்மாவுக்கு எந்தக் குக்கர்? விசிலா, கரன்ட்டா, ஸ்லோவா?

அண்ணன் மகள் கோவையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. பீளமேடு பக்கம் இன்னும் இரண்டு பெண்களோடு சேர்ந்து வீடு எடுத்திருக்கிறாள். போன வாரம் போன். "அத்தை, அடுப்புல வைக்கிற குக்கர் வாங்கட்டுமா, கரன்ட்ல ஓடுற பிரஷர் குக்கர் வாங்கட்டுமா? ராஜ்மாவும் சுண்டலும்தான் அடிக்கடி பண்றோம்." மூன்றாவதாகவும் ஒன்று இருந்தது. கூட இருக்கிற பெண்ணுக்கு, வெளிநாட்டிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் ஸ்லோ குக்கர் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். காசும் செலவில்லை, காலையில் போட்டுவிட்டு ஆபீஸ் போனால் சாயங்காலம் வெந்திருக்கும் என்று அந்தப் பெண் சொல்கிறாளாம்.

முதல் இரண்டில் எதை வாங்கினாலும் தப்பில்லை, மூன்றாவதில் ராஜ்மாவை மட்டும் போட்டுவிடாதே என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். காரணம் சொல்லவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் அது நடக்குமா? ஒரு மணி நேரத்தில் வாட்ஸப்பில் "ஏன்?" என்று ஒற்றை வார்த்தை வந்து நின்றது. அதற்குப் பதில் எழுத உட்கார்ந்து, இவ்வளவு நீண்டுவிட்டது.

பயம் இரண்டு

குக்கர் என்றாலே நம் வீடுகளில் வெடித்துவிடுமோ என்ற பயம்தான். பாத்திரத்தைப் பார்த்துப் பயப்படுகிற அளவுக்கு, உள்ளே போடுவதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. அதில் நியாயமும் இருக்கிறது. பச்சைப்பயறை முளைகட்டி அப்படியே தின்கிறோம். ஜிம்முக்குப் போகிற பையன்கள் ஊறிய கொண்டைக்கடலையை விடிகாலையில் மென்றுகொண்டே போகிறார்கள். தட்டைப்பயறு கொஞ்சம் அரைவேக்காடாக இருந்துவிட்டால் வயிறு உப்பும், பெருங்காயத்தைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வோம்.

ராஜ்மா இந்தக் கூட்டத்தில் சேராது. நம் பாட்டிமார் சமையலில் அது கிடையாது. பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். வடநாட்டில் நன்றாக வேரூன்றி, ஹோட்டல் மெனு வழியாகவும் மளிகைக் கடைப் பாக்கெட் வழியாகவும் நம் அடுப்புக்கு வந்து சேர்ந்தது. பயறு வந்ததே தவிர, அதற்கான ஜாக்கிரதை கூட வரவில்லை. காராமணியை வேக வைத்துப் பழகிய கை, அதே கணக்கில் ராஜ்மாவையும் இறக்கிவிடுகிறது.

விஷயம் என்னவென்றால், ராஜ்மாவில் பைட்டோஹீமாக்ளூட்டினின் என்று ஒரு புரதம் இருக்கிறது. வாயில் நுழையாத பெயர்தான். லெக்டின் வகை என்று நினைவில் வைத்தால் போதும். பல பயறுகளிலும் லெக்டின் உண்டு, ஆனால் சிவப்பு ராஜ்மாவில்தான் அது மிக அதிகம். அளக்கிறவர்கள் கணக்குப்படி பச்சை ராஜ்மாவில் 20,000 முதல் 70,000 யூனிட் வரை இருக்கும். நன்றாக வெந்ததில் 200 முதல் 400 யூனிட்டாக இறங்கிவிடும். வெள்ளை ராஜ்மாவில் சிவப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். வேகாத பயறு நாலைந்து தின்றாலே போதும், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் குமட்டல், கடுமையான வாந்தி, பின்னாலேயே பேதி. பெரும்பாலும் தொடங்கிய மூன்று நான்கு மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும். அதனால்தான் இது பலருக்கும் தெரியாமலே போகிறது. "நேத்து சாப்பிட்ட எண்ணெய் ஒத்துக்கல" என்று பழியை வேறெதன் மேலோ போட்டுவிடுகிறோம்.

இந்தப் புரதத்தை அழிக்க நல்ல கொதி வேண்டும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. சொல்வது இது: குறைந்தது 5 மணி நேரம் ஊற வை, அந்தத் தண்ணீரைக் கொட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் கொதிக்க விடு. ஊறிய பயறுக்கு 10 நிமிடக் கொதியே புரதத்தை அழித்துவிடும் என்றுதான் சோதனைகள் சொல்கின்றன. பயறின் நடுப்பகுதி வரைக்கும் அந்தச் சூடு உறுதியாகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக 30 என்று வைத்திருக்கிறார்கள்.

இப்போது ஸ்லோ குக்கருக்கு வருவோம். அதன் வேலையே கொதிக்க விடாமல் மெதுவாகச் சூடேற்றுவது. ஆட்டுக்கால், எலும்பு, இறுகிய கறி இவற்றுக்கு அருமையான பாத்திரம். ஆனால் ராஜ்மாவை அதில் போட்டால், பயறு மணிக்கணக்கில் கொதிநிலைக்குக் கீழேயே உட்கார்ந்திருக்கும். மெத்தென்று ஆகிவிடும், விரலில் நசுங்கும், வெந்த மாதிரியே தெரியும். புரதம் மட்டும் அப்படியே இருக்கும். அதைவிட மோசம், 80 டிகிரி வாக்கில் சூடான ராஜ்மா, பச்சை ராஜ்மாவைவிட ஐந்து மடங்கு வரைக்கும் கூடுதல் கெடுதல் செய்யலாம் என்று கண்டிருக்கிறார்கள். பச்சையாக இருந்தால் கடிக்க முடியாமல் துப்பிவிடுவோம். இதையோ ஒரு கிண்ணம் நிறைய ரசித்துச் சாப்பிடுவோம். பிரிட்டனில் 1970களின் பிற்பகுதியிலும் 80களிலும் இப்படிப் பல சம்பவங்கள் பதிவாகின. ஊற வைத்துப் பச்சையாகவோ, அரைகுறையாக வேக வைத்தோ தின்றவர்கள்தான் எல்லாரும்.

தனியாக அடுப்பில் அரை மணி நேரம் கொதிக்க வைத்துவிட்டு ஸ்லோ குக்கருக்கு மாற்றலாம், தப்பில்லை. ஆனால் அரை மணி நேரம் அடுப்படியில் நிற்க நேரம் இருந்தால் ஸ்லோ குக்கர் எதற்கு? ஓசியில் கிடைத்தது போட்டியிலிருந்து விலகிவிட்டது. கரன்ட் குக்கரிலேயும் "ஸ்லோ குக்" என்று ஒரு பட்டன் இருக்கும். பெயர் வேறு பாத்திரத்தில் இருந்தாலும் வேலை அதே வேலைதான். அந்தப் பட்டனிலும் ராஜ்மா வேண்டாம்.

விசில் ஒரு மணிக்கூண்டு அல்ல

மீதி இரண்டுக்கும் நடுவில்தான் நிஜமான தேர்வு. இரண்டுமே அழுத்தத்தை ஏற்றி, தண்ணீரை 100 டிகிரிக்கு மேல் கொண்டுபோகிற பாத்திரங்கள். 1679இல் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் செய்து காட்டிய சங்கதி இது. எலும்பைக்கூடப் பஞ்சாக்கிக் காட்டினாராம். அழுத்தம் மிஞ்சினால் திறந்துகொள்ளும் வால்வையும் அவரேதான் வைத்தார். நம் அடுப்பு மேல் நிற்கிற வெயிட் அதன் வாரிசு.

நம் ஊர் விசில் குக்கர் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தத்தில் வேலை செய்யும். உள்ளே ஏறக்குறைய 120 டிகிரி. கனடாவில் 2010இல் வந்து உலகமெல்லாம் பரவிய இன்ஸ்டன்ட் பாட் போன்ற கரன்ட் குக்கர்கள் கொஞ்சம் குறைந்த அழுத்தத்தில் ஓடுகின்றன. உள்ளே 115 முதல் 118 டிகிரி. லெக்டினைப் பொறுத்தவரை இந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை, இரண்டிலும் அது ஒழிந்துபோகும். நேரத்தில் மட்டும் கரன்ட் குக்கருக்கு நாலைந்து நிமிடம் கூடக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆனால் விசில் குக்கரில் ஒரு சிக்கல் உண்டு. அது பாத்திரத்தில் இல்லை, நாம் எண்ணுகிற முறையில் இருக்கிறது. "ராஜ்மாவுக்கு எத்தனை விசில்?" என்று யாராவது கேட்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். விசில் என்பது நேரத்தின் அளவு இல்லை. அழுத்தம் மிஞ்சிய நேரத்தில் வெயிட் தூக்கி ஆவியை விடுகிறது, அவ்வளவுதான். பெரிய பர்னரில் முழுத் தீயில் வைத்தால் அரை நிமிடத்துக்கு ஒன்று வரும். சின்ன பர்னரில் சிம்மில் வைத்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வரும். குக்கரில் தண்ணீர் எவ்வளவு, உள்ளே பாதியா கால்வாசியா, வெயிட் எந்த வகை என்று எல்லாவற்றையும் பொறுத்து மாறும். ஒரு வீட்டு நாலு விசில் இன்னொரு வீட்டில் மூன்று நிமிடம். வேறொரு வீட்டில் இருபது நிமிடம். பருப்புக்கு இந்த விளையாட்டு ஓடும், ஏனென்றால் பருப்பு எப்படியும் வெந்துவிடும். முழுத் தீயில் நாலு விசில் விட்டு ராஜ்மாவை இறக்கினால், தோல் வெடித்து நடுவில் மாவாக நிற்கும்.

ஆகவே விசில் குக்கரிலும் நிமிடக் கணக்குத்தான் வைக்க வேண்டும். முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்முக்கு இறக்கி, போனில் டைமர் வை. ஊறிய ராஜ்மாவுக்கு 20 நிமிடம். ஊறிய கொண்டைக்கடலைக்கு 15 முதல் 20. ஊறிய காய்ந்த மொச்சைக்கு 15. கொள்ளுக்கு 20. பச்சைப்பயறு ஊறாமலே 8 அல்லது 10 நிமிடத்தில் வெந்துவிடும். சிம்மில் இருக்கும்போது இடையிடையே ஒரு விசிலாவது வர வேண்டும், அல்லது வெயிட்டுக்கு அடியில் ஆவி சீறிக்கொண்டாவது இருக்க வேண்டும். ஒன்றுமே சத்தம் இல்லையென்றால் அழுத்தம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். தீயைக் கொஞ்சம் கூட்டு.

கரன்ட் குக்கருக்கு இந்தத் தொல்லையே இல்லை என்பதுதான் அதன் பெரிய பலம். அழுத்தம் ஏறிய பிறகுதான் அது நிமிடத்தை எண்ணத் தொடங்கும். அடுப்பில் வைத்துவிட்டு ஆன்லைன் மீட்டிங்கில் உட்கார்ந்து மறந்துபோகிறவர்களுக்கு (பெயர் சொல்ல மாட்டேன், அவளுக்கே தெரியும்) இது ஒரு வரம். முடிந்ததும் தானே நின்றுவிடும். ஆனால் 25 நிமிடம் என்று போட்டால் 25 நிமிடத்தில் சாப்பாடு என்று நம்பிவிடக் கூடாது. அழுத்தம் ஏறப் பத்துப் பதினைந்து நிமிடம், இறங்க அதே அளவு. கூட்டிப் பார்த்தால் ஒரு மணி நேரத்தை நெருங்கும். விசில் குக்கர் அதைவிடச் சீக்கிரம் முடித்துவிடும்.

இன்னொரு பட்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் எல்லாவற்றையும் போட்டு, "இத்தனை மணிக்கு ஆரம்பி" என்று சொல்லிவிட்டுப் போகிற வசதி. கேட்க நன்றாக இருக்கிறது: ஊறுவதும் வேகுவதும் ஒரே பாத்திரத்தில். ராஜ்மாவுக்கு இது ஒத்துவராது, ஏனென்றால் ஊறிய தண்ணீரைக் கொட்ட ஆள் இருக்காது. கொண்டைக்கடலைக்குப் பரவாயில்லை, ஆனால் சித்திரை வைகாசி வெயிலில் பூட்டிய வீட்டுக்குள் பத்து மணி நேரம் ஊறிய கடலை நுரைத்துப் புளித்து நிற்கும். கோவையில் எங்கள் திண்டுக்கல் அளவுக்கு வெயில் இல்லை என்பாள். இருக்கட்டும், வெயில் மாதங்களில் வேண்டாம்.

விலையில் இரண்டுக்கும் பல மடங்கு வித்தியாசம். ரிப்பேரிலும் அப்படித்தான். விசில் குக்கருக்கு ரப்பர், வெயிட், சேஃப்டி வால்வு மூன்றும் தெருமுனைப் பாத்திரக் கடையிலேயே கிடைக்கும். கரன்ட் குக்கரின் போர்டு போய்விட்டால் சர்வீஸ் சென்டர், வாரண்டி அட்டை என்று அலைய வேண்டும். கரன்ட் போனால் பாதியில் நிற்கும். வாடகை வீட்டில் கேஸ் இல்லாமல் இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் இருந்தால் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: வெறும் அலுமினியக் குக்கர் அதில் சூடாகாது, அடியில் இண்டக்‌ஷனுக்கான தகடு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஊற வைப்பதா, வேண்டாமா

என்னைக் கேட்டால், எந்தக் குக்கர் என்பதைவிட இந்தக் கேள்விதான் பெரியது. பாத்திரம் எதுவானாலும் சாப்பாட்டைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் முந்தின நாள் ராத்திரியில் முடிவாகிவிடுகிறது.

ஊற வைக்காமல் நேராகக் குக்கரில் போட்டு 45, 50 நிமிடம் விடுவது ஒரு வழி. கொண்டைக்கடலைக்கு அவசரத்தில் இது கைகொடுக்கும், நானும் செய்திருக்கிறேன். ஆனால் சீராக வேகாது. தோல் உரிந்து கரைந்தவையும், நடுவில் மரக்கட்டையாக நிற்பவையும் ஒரே குழம்பில் மிதக்கும். ராஜ்மாவுக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன். "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது அரிசிக்குச் சொன்னது. ஒரே பாக்கெட்டில் போன வருடத்து ராஜ்மாவும் அதற்கு முந்தைய வருடத்ததும் கலந்து கிடக்கும். பழைய பயறு, அதுவும் சூடும் ஈரமுமான இடத்தில் கிடந்தது, எவ்வளவு வேக வைத்தாலும் இறங்கிக்கொடுக்காது. ஒன்றை நசுக்கிப் பார்த்துவிட்டு மொத்தமும் வெந்தது என்று சொல்ல முடியாது. மேலிருந்தும் அடியிலிருந்தும் ஐந்தாறு எடுத்து நசுக்க வேண்டும். ஒன்றில் வெள்ளையாக மாவு தெரிந்தாலும், தண்ணீர் ஊற்றி மூடி இன்னும் பத்து நிமிடம்.

ராத்திரி முழுக்க ஊற வைப்பது நமக்குப் பழகிய வழி, நல்ல வழியும் அதுதான். மூன்று மடங்கு தண்ணீர், எட்டு மணி நேரம். கோடையில் படுக்கும் முன் ஒரு தடவை தண்ணீரை மாற்று, அல்லது பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் வை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன் உப்பு கலந்து ஊற வைத்தால் தோல் மெத்தென்று வேகும், வெடிக்காது. உப்புப் போட்டால் வேகாது என்று எங்கள் வீட்டிலும் காலம் காலமாகச் சொல்லி வந்தார்கள். உப்பு ஒன்றும் செய்வதில்லை, உண்மையில் உதவுகிறது. வேகவிடாமல் பிடித்துக்கொள்வது புளிப்புத்தான். தக்காளி, புளி, எலுமிச்சை எல்லாம் பயறு நன்றாக வெந்த பிறகு.

ஊற வைக்க மறந்துவிட்டால் ஒரு குறுக்குவழி. தண்ணீர் விட்டு மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்க விட்டு, அடுப்பை அணைத்து, மூடி ஒரு மணி நேரம் அப்படியே வை. பிறகு தண்ணீரை வடித்துவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கர் வேலை. ராத்திரி ஊறியதற்கு முக்கால்வாசிக்கு ஈடு.

தண்ணீரைக் கொட்டுவது பற்றி எங்கள் மாமியார் காலத்திலிருந்து ஒரு சண்டை இருக்கிறது. "சத்தெல்லாம் அதுலதானே போகுது" என்பார். கொஞ்சம் போகத்தான் செய்கிறது. கூடவே வயிற்றில் வாயு உண்டாக்குகிற ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளும் போகின்றன. ராஜ்மாவில் லெக்டினிலும் ஒரு பங்கு போகிறது. ராஜ்மாவுக்குப் பேச்சே இல்லை, கொட்டிவிடு. கொண்டைக்கடலைக்கு உன் இஷ்டம். கொள்ளு வெந்த தண்ணீரில் ரசம் வைக்கிறோமே என்றால், அது வெந்த தண்ணீர், ஊறிய தண்ணீர் இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

டபுள் பீன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. ஊட்டி, கொடைக்கானல் போனால் பச்சையாக வாங்கி வருவோமே, அதே பயறு காய்ந்ததும் கிடைக்கிறது. அதில் லெக்டின் போக, சயனைடாக மாறக்கூடிய ஒரு பொருளும் உண்டு. கடையில் விற்கிற வெள்ளை வகைகளில் அது குறைவுதான். ஊற வைத்து, தண்ணீரைக் கொட்டி, மூடி போடாமல் ஐந்து நிமிடம் கொதிக்க விட்டு, பிறகு குக்கரை மூடினால் கவலை இல்லை.

அப்புறம் தண்ணீர். "அவன்கிட்ட உன் பருப்பு வேகாது" என்ற சொல்லை யாரோ போர் தண்ணீர் ஊர்க்காரர்தான் உண்டாக்கியிருக்க வேண்டும். கடினத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பயறின் செல் சுவர்களைப் பிடித்து இறுக்கிவிடுகின்றன. எங்கள் தெரு போர் தண்ணீரில் ஊறிய கொண்டைக்கடலை அரை மணி நேரமானாலும் முரண்டு பிடிக்கும். கேன் தண்ணீரில் இருபது நிமிடத்தில் வெண்ணெய். ஊற வைக்கவும் வேக வைக்கவும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். உன் வீட்டுக் குழாயில் வருவது சிறுவாணியா, போரா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள். சிறுவாணி என்றால் நீ கொடுத்து வைத்தவள். போர் என்றால் ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா உதவும். சிட்டிகைக்கு மேல் போனால் பயறு கூழாகிவிடும், சோப்பு வாசம் அடிக்கும், பி1 சத்தும் அழிந்துவிடும்.

பாத்திரத்தின் பக்கம்

இப்போது முதல் பயத்துக்கு வருகிறேன், வெடிக்கிற பயம். பத்து வருடம் முன்னால் எங்கள் வீட்டில் அது கிட்டத்தட்ட நடந்தது. மூன்று லிட்டர் குக்கரில் கழுத்து வரைக்கும் கொள்ளு. பசு மாட்டுக்கு வைத்த கொள்ளு, அவசரம், ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நுரை பொங்கி, உரிந்த தோல் ஒன்று விசில் குழாய்க்குள் போய் அடைத்துக்கொண்டது. விசில் வரவில்லை. வரவில்லையே என்று தீயைக் கூட்டினேன், அதுதான் முட்டாள்தனம். கடைசியில் மூடியிலிருந்த சேஃப்டி வால்வு உருகி, கொள்ளுக் கஷாயம் முழுக்க உத்தரம் வரைக்கும் அடித்தது. நல்லவேளை நான் கொல்லைப்புறத்தில் இருந்தேன். குக்கர் அன்று தவறு எதுவும் செய்யவில்லை. உருக வேண்டியது உருகி, வெடிக்காமல் காப்பாற்றியது.

பயறு நுரைக்கும். கறிக்குக் குக்கரில் மூன்றில் இரண்டு பங்கு வரைக்கும் போடலாம் என்றால், பயறுக்கும் அரிசிக்கும் தண்ணீரோடு சேர்த்துப் பாதிதான். ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். இது இரண்டு வகைக் குக்கருக்கும் பொதுவான விதி. கரன்ட் குக்கரிலும் அந்த மிதக்கும் சின்ன வால்வில் நுரை ஏறிக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் மூடும் முன் விசில் குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார், அல்லது ஊதிப் பார். வெளியே மூடுகிற வகையென்றால் குழாயில் ஆவி நன்றாகச் சீறி வந்த பிறகு வெயிட்டைப் போடு. குழாய் திறந்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். சேஃப்டி வால்வு போய்விட்டால் அதே கம்பெனியின் வால்வுதான். வேறு எதையாவது செருகி ஒப்பேற்றுகிற கைவேலை கூடாது.

அணைத்த பிறகு அவசரப்படக் கூடாது என்பதும் இரண்டுக்கும் பொது. கரண்டியால் வெயிட்டைத் தூக்குவது, மூடியைக் குழாயடியில் காட்டுவது, கரன்ட் குக்கரில் ஆவியை ஒரேயடியாகத் திறந்துவிடுவது எல்லாம் கீரைக்குச் சரி. பயறில் செய்தால் நுரையும் கஞ்சித் தண்ணீரும் சேர்ந்து சீறும், உள்ளே பயறு வெடித்துச் சிதறும். பத்துப் பதினைந்து நிமிடம் தானாக அடங்கட்டும். அந்த நேரத்திலும் அது வெந்துகொண்டுதான் இருக்கிறது.

உள்மூடியா வெளிமூடியா என்று கடைக்காரர் கேட்பார். உள்மூடி வகையில் மூடி உள்ளே இறங்கி, கீழிருந்து விளிம்பில் அழுந்தும். ஆவி இருக்கிற வரை எவ்வளவு பலம் போட்டாலும் திறக்காது. புதிதாகச் சமைக்கிற மூன்று பெண்கள் இருக்கிற வீட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன். வெளிமூடி கழுவ லேசு, உள்ளே அடுக்குப் பாத்திரம் வைக்கவும் வசதி. எதுவானாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். 2021 பிப்ரவரியிலிருந்து அது கட்டாயம்.

அளவில் ஒரு கணக்கு. 200 கிராம் ராஜ்மா மூன்று பேருக்குத் தாராளம். ஊறியதும் 400 கிராமுக்கு மேல் வரும், தண்ணீர் மூன்று டம்ளர். எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டரைத் தாண்டும். பாதிதான் என்ற விதிப்படி இரண்டு லிட்டர் குக்கர் போதாது, மூன்று லிட்டர் சரியாக இருக்கும். நவராத்திரிக்கு அரைக் கிலோ கடலைச் சுண்டல் என்று கிளம்பினால் ஐந்து லிட்டர் வேண்டும், அல்லது இரண்டு தடவை வைக்க வேண்டும். எனக்கு நடந்தது தெரியும்தானே, இரண்டு தடவை வை.

வெறும் பாத்திரம், டப்பா

குக்கரே வேண்டாம், மண்சட்டியில் வேக வைக்கலாமா? தாராளமாக. ஊறிய ராஜ்மா ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்தில் வெந்துவிடும், கொதி நிற்காமல் இருந்தால் போதும். ருசிகூடக் கொஞ்சம் மேல் என்பேன். கேஸ்தான் தின்னும். ஊட்டி மாதிரி 2,200 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அங்கே வெறும் பாத்திரத்தில் பயறு வேக வைப்பது தவம். மலைமேல் குக்கர்தான்.

டப்பாவில் அடைத்த ராஜ்மா, கொண்டைக்கடலை இவை அழுத்தத்தில் முழுக்க வெந்தவை. கழுவிவிட்டு நேராகத் தாளிப்பில் போடலாம். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற நம் ஆட்கள் அப்படித்தான் சுண்டல் செய்கிறார்கள். இங்கே ஒரு டப்பா விலையில் அதைப்போல் சில மடங்கு காய்ந்த கடலை வாங்கலாம் என்பதால் நான் சிபாரிசு செய்யவில்லை.

வெந்த பயறை இரவு முழுக்க மேடையில் விட்டுவிடாதே. கொதிக்குத் தப்பிப் பிழைக்கிற கிருமி விதைகள் உண்டு, ஆறிய ஈரப் பயறு அவற்றுக்கு விருந்து. இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜ். வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்குள். தேங்காய் போட்ட சுண்டல் என்றால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

இவ்வளவையும் அனுப்பினேன். படித்தாளோ என்னவோ, இரண்டு நாள் கழித்து ஒரு போட்டோ வந்தது: மூன்று லிட்டர் உள்மூடிக் குக்கர், பக்கத்தில் டைமர் ஓடுகிற போன், 14 நிமிடம் பாக்கி. ஸ்லோ குக்கர் என்ன ஆச்சு என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை அதில் ஆட்டுக்கால் சூப் வைத்தார்களாம். "செம, அத்தை" என்றாள்.